வாசலிலேயே சொல்லிடணும்

ஒருத்தர் சும்மா சிரித்தால்கூட, இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிக்கிற ஜென்மம் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் எனக்கு டூட்டி என்று தெரிந்தால் பிள்ளைகள் பிட்டை வழியிலேயே சாக்கடையில் போட்டுவிட்டு வருவார்கள். "உனக்குப் போலீஸ்ல வேலை குடுத்திருக்கணும். தெரியாத்தனமா சாக்பீஸக் குடுத்துட்டானுங்க" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். அவருக்கு அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. புழுதியோடு வருவார், குளிப்பார், தூங்குவார். வீட்டுச் சொந்தக்கார அம்மா கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது யார்? நான்தானே.

பெரம்பலூரில் அப்போது ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே அந்த அம்மா தனியாக இருந்தார். மகன் பெங்களூரில். எங்கள் ஹெட்மாஸ்டர் சொல்லித்தான் அந்த வீடு கிடைத்தது. அவரும் அந்த அம்மாவும் ஒரே சாதி, தூரத்து உறவு. அவர் அனுப்பிய ஆள் என்றதும் அந்த அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"சொந்த ஊரு எது டீச்சர்?"

"ஜெயங்கொண்டம் பக்கம்ங்க."

"அப்படியா, நம்ம பக்கந்தான்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். பொய் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவர் மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஊர்த்தெரு தனி, காலனி தனி. நாங்கள் காலனி. ஊர்ப் பெயரைச் சொன்னேன், தெருவைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாராவது முகத்தைச் சுளித்தால் எனக்குக் கோபம் வரும். முன்பு இருந்த வீட்டில் விஷயம் தெரிந்துபோய், மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் எங்களைக் காலி பண்ண வைத்தார்கள். மினி லாரியில் பீரோவை ஏற்றும்போது அவள் அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றாள். கெட்டிக்காரப் பிள்ளை, அந்த ஒரு பாடத்தில் மட்டும் மார்க் சரிந்தது. இப்போது அவள் பிளஸ் டூ. பள்ளி நடக்கிற தூரம், படிக்கத் தனி அறை. பொதுப் பரீட்சை முடிகிறவரைக்கும் இந்த வீடு கையை விட்டுப் போகக்கூடாது. அந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

அதற்காக நான் செய்த காவல் கொஞ்சநஞ்சமில்லை. என் அம்மா ஊரிலிருந்து முருங்கைக்கீரையும் முந்திரிப்பருப்பும் எடுத்துக்கொண்டு வருவாள். நான் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். வீட்டுக்குக் கூட்டிப் போனதில்லை. அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. யாராவது "எந்தூரு?" என்றால் ஊர், தெரு, பண்ணை வேலைக்குப் போன வீடு வரைக்கும் பெருமையாகச் சொல்லிவிடுவாள். "பேத்திக்குப் பரிச்ச முடியட்டும், அப்பறம் வரேன்" என்று அவளாகவே சொல்வாள். நான் பஸ் போர்டைப் பார்ப்பேன்.

இப்படி நான் ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அக்கா வந்து சேர்ந்தாள்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகைப் பரிசோதனை முகாம் நடந்தது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த நர்சு ஒருத்தி என்னைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏய், ஹாஸ்டல் கணக்குப்புள்ள! நீயாடி இது?" என்று கத்தினாள். ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. கல்லூரி நாளில் எங்கள் அரசு விடுதியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவள். அந்த விடுதி யாருக்கான விடுதி என்று பெரம்பலூரில் எல்லாருக்கும் தெரியும். "மெதுவா பேசுக்கா" என்று அவளை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்டி, சுவத்துக்குக் காது இருக்கா?"

"சுவத்துக்கு இல்ல. ஸ்டாஃப் ரூமுக்கு இருக்கு."

அவள் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. சங்கத்துக்காரி அல்லவா!

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கெல்லாம் முன்னால் விடுதியில் தங்கிப் படித்த சில பெண்கள் ஆரம்பித்தது. ஊர்ப்பக்கம் எல்லாரும் அறுவடைக்குப் போயிருந்த ஒரு லீவில் விடுதியில் தங்கிவிட்ட பெண்ணுக்கு டைபாய்டு கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆளில்லை. மற்ற பெண்கள் லீவை விட்டுவிட்டு வந்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி கோரைப்பாயை விரித்து அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கிறார்கள். அவள் எழுந்து நடந்த பிறகு, அந்தப் பாயை அவர்கள் தூக்கிப் போடவில்லை. படித்து முடித்து எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் வீட்டில் ஒரு பாய் வைத்திருக்க வேண்டும், பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ வந்து நிற்கிற நம் பெண்ணுக்கு அதை விரிக்க வேண்டும், ஆளில்லாத பெண் நோயாளி யாராக இருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அதுதான் சங்கம். நான் விடுதியில் சேர்ந்த காலத்திலேயே பூலாம்பாடியில் ஒரு டீச்சர், ஜெயங்கொண்டத்தில் ஒரு தபால்காரம்மா, திருச்சியில் இரண்டு நர்சு என்று பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிகளுக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்காருவார்கள்.

எனக்கு அன்றைக்கே சந்தேகம். போர்டு கிடையாது, தலைவி கிடையாது, ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளாமல் சேவை செய்கிற ஆளை இந்த ஜில்லாவில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் கட்சி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மதம் மாற்றுவார்கள் என்று நினைத்தேன். மாரியம்மனுக்குத் தீ மிதித்தவளும் இருந்தாள், சர்ச்சில் பாடுகிறவளும் இருந்தாள். அப்புறம் என்னதான் வேண்டும் இவர்களுக்கு?

சேருவதற்கு ஒரே ஒரு சடங்கு. விடுதியை விட்டுப் போகிற நாளில் கேட்டைத் திறந்து, ரோட்டைப் பார்த்து நின்று, "நான் இன்ன ஊர்க் காலனிப் பொண்ணு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். பார்க்கட்டும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க, எந்த வீட்டு வாசலில் நின்றாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்து வெளியே தள்ளுகிற வேலையை எவருக்கும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. சொன்னவளுக்கு நீலக் கரை போட்ட கோரைப்பாய் ஒன்றைக் கொடுப்பார்கள். மூத்தவள் படுத்த பாய், இளையவளுக்கு.

நான் கேட் வரைக்கும் போனேன். ரோட்டைப் பார்த்தேன். திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். கும்பலாக நின்று கத்திவிடலாம். அப்புறம் வீடு தேடும்போது தனியாகத்தானே நிற்க வேண்டும்? அன்றைக்கு நான் போட்ட கணக்கு தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த அக்கா வராண்டாவில் நின்றுகொண்டு விஷயத்துக்கு வந்தாள். வரதராஜன்பேட்டை பக்கத்துப் பெண் ஒருத்தி, நர்சிங் படிக்க வந்திருக்கிறாள். விடுதியில் இடம் கிடைக்கிறவரை தங்க வேண்டும். "என் வூட்டுல ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காளுங்க. ஒன் வூட்டுல ஒரு பாய் போட எடம் இருக்குமாடி?"

"இடம் இருக்குக்கா. ஆனா அவ வாசல்லயே சொல்லுவாளே."

"சொல்லுவா."

"அப்ப எடமில்ல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. "சரிடி, ஒன் சௌரியம்" என்று சொல்லிவிட்டு வீடு எங்கே என்று கேட்டாள். நான் நாலு ரோடு பக்கம் என்று பொதுவாகச் சொன்னேன். அடுத்த வாரமே அவள் ஸ்கூட்டி எங்கள் தெருவில் போனது. யதேச்சையாகத்தான் போனாளா? ஆஸ்பத்திரிக்கு வேறு வழியே இல்லையா? மாடிச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டு, அவள் தெரு முனை திரும்புகிறவரை பார்த்தேன்.

அதற்குச் சில நாள் கழித்துக் கீழ் வீட்டு அம்மா என்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டார். எப்போதும் எவர்சில்வர் டம்ளரில் கொடுப்பவர், அன்றைக்குப் பேப்பர் கப்பில் கொடுத்தார்.

போச்சு, தெரிந்துவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. பேப்பர் கப் என்றால் என்ன அர்த்தம்? குடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாம், கழுவ வேண்டாம், தொட வேண்டாம். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் இருந்தது. அதன் நாகரிகமான தங்கச்சிதான் இந்தப் பேப்பர் கப். அன்றிலிருந்து நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவனுக்கு எதில் தண்ணீர் கொடுக்கிறார்? பேப்பர் கப். பூக்காரிக்கு? பேப்பர் கப். அவர்கள் சாதி எனக்குத் தெரியாது, அதனால் கணக்கு முடியவில்லை. ஒரு நாள் அவருடைய சொந்த நாத்தனார் வந்தார். நான் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் கீழே இறங்கினேன். நாத்தனார் கையிலும் பேப்பர் கப்!

"பாத்திரம் தேய்க்கிறவ மக பிரசவத்துக்குப் போயிட்டா டீச்சர். எனக்கு முட்டி வேற முடியல. யாரு கழுவுறது? கடைக்காரன்கிட்டச் சொல்லி ஒரு பாக்கெட் வாங்கிட்டேன்" என்றார் அம்மா.

மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். மகள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "உனக்கு ஏதும் ஆயிடுச்சாம்மா?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, அதுதான் விஷயம்.

தீபாவளி கழிந்து அந்த அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கேயே நல்ல டாக்டர் இருக்கிறார் என்று மகனும் போனிலேயே ஒத்துக்கொண்டார். வந்தார், ஆபரேஷன் முடிந்ததும் லீவு இல்லை என்று போய்விட்டார். பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். நான் பள்ளி விட்டதும் போவேன். பகலுக்கு?

ஒரு நாள் சாயங்காலம் போனபோது அந்த அக்கா அம்மாவின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. சங்கத்தில் சொல்லி, காலையில் ஒருத்தி மதியம் ஒருத்தி என்று முறை போட்டிருந்தாள். என் ரகசியம் தெரிந்த ஒரே ஆள், என் வீட்டுக்கார அம்மாவுக்கு ஆரஞ்சு ஊட்டுகிறாள்!

"வாங்க டீச்சர்" என்றார் அம்மா. "இந்தப் புள்ள ரொம்பத் தங்கமான புள்ள. வந்ததும் என்னா சொல்லுச்சு தெரியுமா? 'அம்மா, நான் காலனிப் பொண்ணு, பக்கத்துல உக்காரலாமா'ன்னு கேக்குது! எனக்கு வலி உயிரு போவுது. யாரா இருந்தா என்ன, தண்ணியக் குடும்மான்னுட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளை முன்பின் தெரியாதவளைப் போல, "அப்படியாங்க" என்றேன். வராண்டாவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னியாக்கா? மறைக்காம சொல்லு."

"ஒன்னோடத நான் எதுக்குடி சொல்றேன்? ஒருத்தி வாக்கியத்த இன்னொருத்தி சொல்லக்கூடாது. அது சங்கத்துல கட்டாயம்."

"நான்தான் சங்கத்துலயே இல்லையே."

"அதுக்காக மாத்திக்க முடியுமா?"

அதை நான் நம்பவில்லை. இத்தனை செய்கிறாள், கடைசியில் ஒன்று கேட்பாள் என்றே இருந்தேன். வரதராஜன்பேட்டைப் பெண்ணை உள்ளே விடு என்பாள், இல்லை மாட்டிவிடுவேன் என்பாள். அவள் கேட்கவே இல்லை. பதினைந்து இருபது நாள் வந்து போனாள். மற்ற பெண்களும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கட்டில் ஓரத்தில் நின்று, முதலில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அம்மா ஒவ்வொரு தடவையும் "சரி சரி, உக்காரு" என்றார். அந்த அம்மா மாறிவிட்டார் என்றுகூட எனக்கு ஒரு நப்பாசை வந்தது. சந்தேகப் பிராணிக்கே வந்தது என்றால் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா வாக்கர் பிடித்து நடக்கப் பழகினார். பாத்திரம் தேய்க்கிறவரும் திரும்பி வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் லீவு நாளில் வந்து, அம்மாவை ஹாலில் நடத்திக்காட்டினாள். உள்ளே வருவதற்கு முன் வாசலில் நின்று, "நான்தாம்மா, காலனிப் பொண்ணு, ஆஸ்பத்திரில பாத்தீங்களே" என்று மறுபடி சொன்னாள். அம்மா "வா வா" என்றார். நானும் கீழேதான் இருந்தேன். அம்மா சோபாவில் சாய்ந்துகொண்டு, "டீச்சர், மூணு பேருக்கும் காபி போட்டுக் கொண்டாங்களேன்" என்றார்.

நான் சமையல்கட்டுக்குப் போனேன். பாலைச் சுட வைத்து, டிகாஷன் கலந்தேன். அம்மா வாக்கரைத் தட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசல்வரை வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"டீச்சர், உங்களுக்கும் எனக்கும் டம்ளர்ல எடுத்துக்குங்க. அதுக்கு மட்டும் அந்தப் பேப்பர் கப்புல ஊத்திக் குடுத்துருங்க, ஒண்ணு ரெண்டு மிச்சம் கெடக்கும் பாருங்க. ஆஸ்பத்திரின்னா வேற, வூடுன்னா வேற இல்லையா? நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் அது புரியும்."

பாசமாகத்தான் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை. நான் அத்தனை நாள் பேப்பர் கப்பைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு இழைத்த அவமானம் அந்த எவர்சில்வர் டம்ளரில் இருந்தது. அவர் இடுப்பு எலும்பைக் கட்டிக்கொண்டு கிடந்த நாளெல்லாம் மூத்திரத்தட்டு எடுத்த கைக்குப் பேப்பர் கப்பு. ஒளித்து வாழ்ந்த கைக்கு டம்ளர். அந்தக் கப்பில் ஊற்ற வேண்டியவள் நான். என் கையால்.

ஒரு நிமிஷம் மகள் முகம் வந்தது. ரோட்டோரம், மினி லாரி, அறிவியல் புத்தகம். பொதுப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான். வாயை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அக்காவும் எதுவும் சொல்ல மாட்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்று அந்த நிமிஷத்தில்தான் முழுசாக நம்பினேன். நம்பியதும் தட்டை எடுத்தேன்.

இரண்டு டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும் தட்டில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஒரு டம்ளரை அம்மாவிடம் கொடுத்தேன். இன்னொன்றை அக்காவிடம் கொடுத்தேன். கப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

"டீச்சர், மாத்திக் குடுத்துட்டீங்க" என்றார் அம்மா, பதற்றத்தோடு.

"மாத்தலைங்கம்மா. எனக்கும் இதுதான். நானும் காலனிப் பொண்ணுதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. வாசலில் சொல்லவில்லை, நடு ஹாலில், கையில் சூடான காபியோடு. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹெட்மாஸ்டர் சார்தான உங்கள அனுப்புனாரு?" என்றார், அவர் மேல் கேஸ் போடப் போகிறவர் மாதிரி. அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு, "சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குடி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். அம்மா தன் காபியைத் தொடவில்லை. அது நான் போட்ட காபி அல்லவா?

மாடிக்குப் போய் மகளிடம் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். "சொல்லப்போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் கீழ வந்திருப்பேன்ல?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இனிமே என் ஃப்ரெண்ட்ஸ் கேட்டா சொல்லலாமா?" என்று கேட்டாள். அத்தனை வருஷம் அவளும் ஒரு காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள உறவுக்காரக் குடும்பம் ஒன்று மாடிக்கு வருகிறது, பொங்கலுக்குள் காலி பண்ணினால் உதவியாக இருக்கும். பரீட்சை முடியட்டுமே என்றேன். "பாக்கலாம் டீச்சர்" என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் வீடு தேடினோம். ஒவ்வொரு வாசலிலும் நான் முதலில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒருத்தர், "ஐயோ, இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்" என்றார். டு-லெட் போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. ஒருத்தி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவே இல்லை. என் வீட்டுக்காரர் பைக்கில் உட்கார்ந்தபடி, "இதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கடைசியில் அரியலூர் ரோட்டில், லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடி. வீட்டுச் சொந்தக்காரர் லாரி மெக்கானிக். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரிங்க. தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கும், பரவாயில்லையா?" என்றார். இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறாரே, வீட்டில் ஏதாவது பேய் கீய் இருக்குமோ என்று அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் விசாரித்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் தனி அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் வீட்டில் கொடுத்த தண்ணீர் டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். அவர் மனைவி பெயர் வெட்டியிருந்தது. மற்ற டம்ளர்களிலும் அதே பெயர்தான்.

சாமான் ஏற்றுகிற அன்று சங்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. பூலாம்பாடி டீச்சர் என் பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மகளின் புத்தகங்களை மட்டும் ஒரு மூட்டையாகக் கட்டி, முதல் நடையிலேயே கொண்டுபோய், புது வீட்டில் மேஜை போட்டு அடுக்கி, அவளை உட்கார வைத்துவிட்டார்கள். அவள் அன்றைக்குப் படிப்பை விடவில்லை. சாயங்காலம், இன்னும் விடுதியில் இடம் கிடைக்காத வரதராஜன்பேட்டைப் பெண் ஒரு பையோடும் நீலக் கரைப் பாயோடும் தங்க வந்தாள்.

"கீழ மெக்கானிக்கிட்ட என்ன சொல்லிட்டு ஏறி வந்த?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டுத்தான் வந்தேன் டீச்சர். 'அது சரிம்மா, கேட்ட சாத்திட்டுப் போ, மாடு உள்ள வருது'ன்னாரு."

அந்தப் பாய் யாருடையது என்று கேட்டேன். விடுதியில் எனக்கென்று எடுத்து வைத்திருந்ததாம். அக்கா இத்தனை காலம் அதில் வேறு வேறு பெண்களைப் படுக்க வைத்திருக்கிறாள். ஓரம் பிரிந்து, நீலம் வெளுத்திருந்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம் என் அம்மாவுக்குப் போன் போட்டேன். "பேத்தி கூட இருந்து சமைச்சுப் போடு, வா. அரியலூர் ரோட்டுல லாரிப் பட்டறைன்னு சொல்லி ஆட்டோல ஏறு, நேரா வூட்டுக்கு வந்துடு" என்று இரண்டு தடவை சொன்னேன். "சரி சரி" என்றாள். காலை பஸ்ஸில் கிளம்பியவள் மதியம் வரைக்கும் வந்து சேரவில்லை. போன் எடுக்கவில்லை. பயந்துபோய்ப் பள்ளியில் பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முருங்கைக்கீரைப் பை. கீரை வாடிவிட்டது.

"ஏம்மா, வூட்டுக்குத்தான வரச் சொன்னேன்?"

"சொன்ன. ஆனா ஒனக்கு ஏதாச்சும் சங்கடம் வந்துடுமோன்னு இங்கயே இருந்துட்டேன். டீ குடிச்சிட்டேன், பன்னு வேணாம். இதக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிடட்டுமா?"

என் சந்தேகமெல்லாம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பையை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"வாசல்லயே சொல்லிட்டேன்மா. வா."

அவள் எழுந்தாள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, "நெசமாவா?" என்று கேட்டாள்.